மூன்று நாளில் திரும்பிவிடலாம்!

கையில் ஒரு பழைய துப்பாக்கி. பையில் ஒரு ரொட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி, காயத்துக்குக் கட்டுப்போட கொஞ்சம் துணி. அப்புறம், எடுக்க எடுக்கக் குறையாத இரும்பு போல்ட்டுகள். இவ்வளவுதான் சொத்து. எதிரே இடுப்பளவு புல், கூரை சரிந்த ஒரு கிராமத்து வீடு, தூரத்தில் நாய்கள் குரைக்கும் சத்தம்.

எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால், காலடி வைப்பதற்கு முன் ஒரு போல்ட்டை எடுத்து முன்னால் எறிந்து பார்க்க வேண்டும். அது சும்மா தரையில் விழுந்தால் வழி பத்திரம். அந்தரத்தில் சுழன்று தெறித்தால், அந்தப் பக்கம் போகிறவர் கதி அதோகதி!

'ஸ்டால்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. 2007 மார்ச்சில் வெளியானது. உக்ரைன் தலைநகர் கீவில் இயங்கிவந்த 'ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு' என்ற ஸ்டூடியோவின் படைப்பு. துப்பாக்கியைப் பிடித்திருக்கும் கை மட்டும் திரையில் தெரியும். மற்றதையெல்லாம் அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் கண் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

'எந்நேரமும் சுடுறதும் சாகடிக்கிறதும்தானா?' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும் ரகம்தான். சிறுவர்களுக்கான விளையாட்டும் அல்ல. ஆனால், இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, நிஜமான ஊர். 'மூன்று நாளில் திரும்பிவிடலாம்' என்று நம்பி, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போன ஏறத்தாழ 49,000 பேரின் ஊர் அது.

சனிக்கிழமை பள்ளி... ஞாயிற்றுக்கிழமை பேருந்து

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணி. அப்போதைய சோவியத் யூனியனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது அணு உலை வெடித்தது. அங்கிருந்து சுமார் மூன்றே கிலோமீட்டரில் இருந்தது ப்ரிப்யாத் நகரம். மின்நிலைய ஊழியர்களுக்காகவே 1970-ல் கட்டத் தொடங்கிய ஊர். அகலமான சாலைகள், நீச்சல்குளம், கலாசார மாளிகை என்று சகல வசதிகளும் உண்டு. மே தினத்துக்குத் திறப்பதற்காக ஒரு பெரிய ராட்டினமும் மஞ்சள் நிறக் கூண்டுகளோடு காத்திருந்தது.

விபத்து நடந்த அன்று சனிக்கிழமை. என்ன நடந்தது என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். திருமணம்கூட நடந்தது. மறுநாள் பிற்பகல்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஊரைத் தற்காலிகமாகக் காலி செய்ய வேண்டும். அடையாளச் சான்றுகளையும் அவசியமான பொருட்களையும் கொஞ்சம் உணவையும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கையும் மின்சாதனங்களையும் அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் வந்து நின்றன. சில மணி நேரத்தில் ஊரே காலி. 'மூன்றே நாள்தான்' என்று நம்பியதால் பெரும்பாலோர் புகைப்பட ஆல்பங்களை எடுக்கவில்லை. குளிர்காலத்து உடைகளை எடுக்கவில்லை. நாய், பூனைகளைப் பேருந்தில் ஏற்ற அனுமதி இல்லை. வீட்டு வாசலிலேயே விட்டுப் போனார்கள்.

அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை. சுற்றியிருந்த கிராமங்களையும் சேர்த்து அந்த ஆண்டில் மட்டும் 1,16,000 பேர் வரை வெளியேற்றப்பட்டார்கள். மின்நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் தூரத்துக்குத் தடை வளையம் போடப்பட்டது. பிறகு அது இன்னும் விரிந்தது. அந்தப் பகுதிக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் ஒற்றைச் சொல்தான்: 'ஜோன்'.

கதை முந்தியது, விபத்து பிந்தியது

இதில் வியப்பான ஒரு விஷயம் உண்டு. ஜோன் என்ற சொல்லும் சரி, அதற்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவருக்கு ஸ்டால்கர் என்ற பெயரும் சரி, விபத்துக்கு முன்பே கதையில் வந்துவிட்டன. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் என்ற இரண்டு ரஷ்ய எழுத்தாளர்கள் 1972-ல் 'ரோட்சைடு பிக்னிக்' என்ற அறிவியல் புனைகதையை எழுதினார்கள். வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து சற்று நேரம் தங்கிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போன இடத்தில் இயற்கையின் விதிகள் கெட்டுக்கிடக்கின்றன. விளங்காத பொருட்கள் சிதறிக்கிடக்கின்றன. உயிரைப் பணயம் வைத்து உள்ளே போய், அவற்றைப் பொறுக்கி வந்து விற்பவர்கள்தான் ஸ்டால்கர்கள்.

இதைத் தழுவி இயக்குநர் ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கி எடுத்த 'ஸ்டால்கர்' படம் 1979-ல் வந்தது. அதன் பெரும்பகுதி எஸ்டோனியாவில் எடுக்கப்பட்டது. காலியான இடம், காவல் போட்ட எல்லை, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. ஏழு ஆண்டுகள் கழித்து அப்படியே ஓர் இடம் உக்ரைனில் நிஜமாக உருவானது.

கீவ் நகரம் அந்த இடத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். 1986 மே மாதம் கீவில் பள்ளிகளை முன்கூட்டியே மூடி, பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து வாலிபர்களான காலத்தில், 1995-ல் தொடங்கப்பட்டதுதான் ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு. ஆரம்பித்தவர் செர்ஹி ஹ்ரிஹோரோவிச். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இந்த விளையாட்டுக்கான வேலையை அவர்கள் தொடங்கியபோது செர்னோபில் அதில் கிடையாது. வேறு உலகங்களுக்குப் பயணம் போகும், வழக்கமான அறிவியல் புனைகதையாகத்தான் யோசித்தார்கள். பிறகுதான், 'நம் ஊர்ப் பக்கத்திலேயே வேற்றுக்கிரகம் போல ஓர் இடம் இருக்கிறதே!' என்பது உறைத்தது. கேமராவோடு ஜோனுக்குள் போனார்கள். கட்டடங்களைச் சுற்றிச்சுற்றிப் படம்பிடித்தார்கள். உரிந்து தொங்கும் சுவர்ப்பூச்சு, துருப்பிடித்த ராட்டினம், வகுப்பறையில் இறைந்துகிடக்கும் புத்தகங்கள்... எல்லாம் திரைக்கு வந்தன. விளையாட்டில் ப்ரிப்யாத் போய்ச் சேர்பவர் பார்க்கும் கலாசார மாளிகையும் ஹோட்டலும் அந்த ராட்டினமும் நிஜத்தில் இருப்பவையே.

பேராசைக்கு இடிபாடு!

விளையாட்டின் கதைப்படி, 2006-ல் ஜோனில் இரண்டாவது முறையாக ஒரு மர்ம வெடிப்பு. அதன்பின் அங்கே விதிகள் கெட்டுப்போகின்றன. சில இடங்கள் ஆளைச் சுழற்றியடிக்கும். சில இடங்கள் மின்னலாய் எரிக்கும். அவற்றின் அருகில்தான் விலைமதிப்பற்ற அபூர்வப் பொருட்கள் கிடைக்கும். விபத்துக்குள்ளான ஒரு லாரியிலிருந்து உயிரோடு மீட்கப்படுகிறான் கதாநாயகன். பெயர் உட்பட எதுவும் அவனுக்கு நினைவில்லை. கையிலிருக்கும் சிறு கருவியில் ஒரே ஒரு கட்டளை: 'ஸ்ட்ரெலோக்கைக் கொல்!' யார் அந்த ஸ்ட்ரெலோக்? ஏன் கொல்ல வேண்டும்? அதைத் தேடித்தான் பயணம்.

மற்ற துப்பாக்கி விளையாட்டுகளில் கதாநாயகன் தனி ஆளாக ஒரு படையையே சாய்ப்பான். இங்கே நான்கைந்து தெருநாய்கள் சேர்ந்து வந்தாலே ஓட வேண்டும். பசிக்கும். இரத்தம் ஒழுகும். துப்பாக்கி திடீரென்று சிக்கிக்கொள்ளும். கதிர்வீச்சு அளவைக் காட்டும் கைகர் கருவி 'டிக்... டிக்...' என்று ஆரம்பித்தால் வயிற்றில் புளி கரையும். வோட்கா குடித்தால் கதிர்வீச்சு குறையும் என்று விளையாட்டில் ஓர் ஏற்பாடு. விபத்துக்குப் பின் அங்கே நிஜமாகவே பரவிய நம்பிக்கை அது. மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

'ஏ-லைஃப்' என்று ஓர் ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள். விளையாடுபவர் பார்க்காத இடங்களிலும் மிருகங்கள் இரை தேடும். ஆட்கள் வேலைக்குப் போவார்கள், சண்டையிடுவார்கள், சாவார்கள். நேற்று பேசிய ஆள் இன்று வழியில் பிணமாகக் கிடப்பான். அவனைக் கொன்றது யார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலகம் தன்பாட்டுக்கு நடக்கும் என்ற உணர்வு, விளையாடும்போது மெல்ல வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேண்டியதைத் தரும் அதிசயப் பொருள் ஒன்று மின்நிலையத்தின் நடுவே இருப்பதாக எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் கதாநாயகன் வாய் திறந்து ஒரு வரம் கேட்பான். என்ன கேட்பான் என்பது, அதுவரை அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதைப் பொறுத்தது! பணம் பணம் என்று சேர்த்துக்கொண்டே போனவன் செல்வம் கேட்கிறான். தங்கக் காசு மழை கொட்டுவதாக அவன் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் கொட்டுவது கட்டடத்தின் இடிபாடு, நசுங்கிச் சாகிறான். சாகாவரம் கேட்பவன் அசையாத சிலையாகிவிடுகிறான். ஜோனே மறைந்துபோக வேண்டும் என்று கேட்பவனுக்குப் பார்வை போய்விடுகிறது. அதன்பிறகு அவனைப் பொறுத்தவரை ஜோன் இல்லைதானே! பாட்டி சொல்லும் கதைகளில் வரம் கேட்டு மாட்டிக்கொள்பவர்களின் பங்காளிகள்தான் இவர்களெல்லாம். மொத்தம் ஏழு முடிவுகள். உண்மையைத் தேடிப் போகும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே கடைசி இரண்டும் கிடைக்கும்.

வெளியானபோது விளையாட்டில் கோளாறுகளுக்கும் பஞ்சமில்லை. திடீரென்று நின்றுபோகும், ஆட்கள் சுவரில் சிக்கிக்கொள்வார்கள். ஆனாலும் ரசிகர்கள் கைவிடவில்லை. தாங்களே பல ஆண்டுகள் உட்கார்ந்து அதைத் திருத்தி, மெருகேற்றி, புதுக் கதைகளையும் சேர்த்தார்கள். விளையாடியவர்களில் பலர் செர்னோபிலையே நேரில் பார்க்கக் கிளம்பினார்கள். அனுமதியின்றி முள்வேலி தாண்டி நுழைகிறவர்களுக்கு அங்கே வழங்கும் பெயரும் அதேதான்: ஸ்டால்கர்!

மீண்டும் பேருந்துகள்

அடுத்து இரண்டு விளையாட்டுகள் அதே வரிசையில் வந்தன. பிறகு நீண்ட இடைவெளி. 'ஸ்டால்கர் 2' ஒருமுறை அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. 2018-ல் மறுபடி அறிவித்தார்கள். 2022 ஏப்ரலில் வெளியீடு என்று முதலில் தேதி குறித்து, பின்பு அதை டிசம்பருக்குத் தள்ளினார்கள். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எல்லையில் ரஷ்யப் படைகள் குவியும் செய்தி வந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று கீவில் அலுவலகத்துக்கு வெளியே பேருந்துகளை வரவழைத்து நிறுத்தியது ஸ்டூடியோ நிர்வாகம். ஊழியர்களில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு, நாட்டின் மேற்கு ஓரத்தில் ஸ்லோவாக்கியா எல்லையை ஒட்டியிருக்கும் உஷ்ஹோரோத் நகரத்துக்குக் கிளம்பினார்கள். 36 ஆண்டுகளுக்கு முன்பு பேருந்தில் ஏறிய ஓர் ஊரின் கதையைத் திரையில் சொல்லிப் பெயர் வாங்கியவர்கள், இப்போது தாங்களே பேருந்தில் ஏறினார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? எப்போது திரும்புவது? அதே கேள்விகள்தான்.

2022 பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியது. முதல் நாளிலேயே ரஷ்யப் படைகள் பிடித்த இடங்களில் ஒன்று செர்னோபில். பெலாரஸ் நாட்டிலிருந்து கீவுக்கு வரும் குறுக்கு வழியில் அது இருந்தது. அணு உலைகள் நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அங்குள்ள எரிபொருள் கழிவைக் கண்காணிக்க இரவும் பகலும் ஆட்கள் வேண்டும். அன்று பணியில் இருந்தவர்களை மாற்றி அனுப்ப வழியில்லாமல் போனது. துப்பாக்கி முனையில், வீட்டுக்குப் போக முடியாமல், ஏறத்தாழ 600 மணி நேரம் வேலை பார்த்தார்கள். கதிர்வீச்சில் பைன் மரங்கள் சிவந்து செத்ததால் 'செங்காடு' என்று பெயர் பெற்ற இடத்தில் படையினர் பதுங்குகுழி வெட்டினார்கள். போல்ட்டை எறிந்து பார்க்காமல் அடி எடுத்து வைக்காதே என்று விளையாட்டு சொல்லிக்கொடுத்த மண் அது. மார்ச் கடைசியில்தான் படைகள் வெளியேறின.

விளையாட்டை உருவாக்கியவர்கள் மூன்று திசையாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினர் செக் நாட்டின் தலைநகர் ப்ராக்கில் புது அலுவலகம் அமைத்தார்கள். சிலர் உக்ரைனிலேயே தங்கி, சைரன் சத்தத்துக்கும் மின்வெட்டுக்கும் நடுவே வேலையைத் தொடர்ந்தார்கள். சிலர் ராணுவச் சீருடை அணிந்து போர்முனைக்குப் போனார்கள். இந்த வரிசையின் இரண்டாவது விளையாட்டான 'கிளியர் ஸ்கை'யில் பணியாற்றிய வொலொதிமிர் யெஷோவ், 2022 டிசம்பரில் பாக்முத் அருகே நடந்த சண்டையில் உயிரிழந்தார். திரையில் செத்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விளையாட்டின் தலைப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியது. ரஷ்ய உச்சரிப்பான 'செர்னோபில்' போய், உக்ரைனிய உச்சரிப்பான 'சோர்னோபில்' வந்தது. ரஷ்ய மொழிக் குரல்பதிவு நீக்கப்பட்டது. வெளியீட்டுத் தேதி மறுபடி மறுபடி தள்ளிப்போனது. கடைசியில், 2024 நவம்பர் 20-ல் 'ஸ்டால்கர் 2: ஹார்ட் ஆஃப் சோர்னோபில்' வெளிவந்தது. எல்லைக்கோடு இல்லாமல் நடந்துகொண்டே இருக்கக்கூடிய 60 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலப்பரப்பு. இரண்டே நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றதாக ஸ்டூடியோ அறிவித்தது.

இந்த முறையும் கோளாறுகள் இருந்தன. பெருமையாகச் சொல்லப்பட்ட ஏ-லைஃப் ஆரம்பத்தில் சரியாக வேலை செய்யவில்லை. முதுகுக்குப் பின்னால் எதிரிகள் திடீரென்று முளைத்தார்கள். விமர்சகர்கள் அதைச் சொல்லிக்காட்டத் தவறவில்லை. ஸ்டூடியோவும் ஒப்புக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தங்களை வெளியிட்டது.

துப்பாக்கியை உள்ளே வை

ஜோன் முழுக்க வெறிச்சோடிவிடவில்லை. விபத்துக்குப் பின் தடையை மீறித் தங்கள் கிராமங்களுக்கே திரும்பியவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். பெரும்பாலும் வயதான பெண்கள். அடுக்குமாடி வீடும் அறிமுகமில்லாத ஊரும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. பழைய அடுப்பு, பழைய கிணறு, பழைய தோட்டம் என்று வாழ்ந்து, ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். மற்ற குடும்பங்களுக்கு, ஈஸ்டருக்குப் பின் வரும் நினைவு நாட்களில் உள்ளே போய், மூதாதையர் கல்லறைகளுக்குப் பூ வைத்து வரும் வழக்கம் இருந்துவந்தது. வாழ்ந்த வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு, புதைத்த இடத்தையாவது பார்த்துவரும் உரிமை.

மின்நிலையத்தின் காயமும் ஆறவில்லை. வெடித்த உலையின் மேல் 2016-ல் பிரம்மாண்டமான இரும்பு வளைவு ஒன்றை நகர்த்தி மூடினார்கள். 2025 பிப்ரவரி 14-ல் அதன் கூரையை ஒரு டிரோன் தாக்கி ஓட்டை போட்டது.

துப்பாக்கி விளையாட்டில் இத்தனை கதை எதற்கு என்று கேட்கலாம். முதல் விளையாட்டிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. இருட்டிய பிறகு, இடிந்த வீடுகளுக்கு நடுவே ஆங்காங்கே நெருப்பு மூட்டி ஸ்டால்கர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கிடார் வாசிப்பான். இன்னொருவன் தன் மொழியில் ஏதோ நகைச்சுவை சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். துப்பாக்கியை நீட்டியபடி பக்கத்தில் போனால் யாரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள். 'முதலில் அதை உள்ளே வை' என்பார்கள்.

உள்ளே வைத்துவிட்டு நெருப்பருகே நிற்கலாம். அவசரம் ஒன்றுமில்லை, யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை. கிடார் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு வீடு. உள்ளே விளக்கு இல்லை. என்றோ ஒருநாள் யாரோ அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று.